கடைசிப் பூச்சு

பிப்ரவரி 11

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

தாங்கள் கேட்டிருந்தபடி இருபத்துநான்கு கருவிகள் இத்துடன் வருகின்றன. பஞ்சில் சுற்றி, சோப்பு டப்பாக்களில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரு டிபன் கேரியருக்குள் வைத்திருக்கிறேன். படகுக்காரர் சாப்பாடு என்று நினைத்துத் திறந்துவிடாமல் இருக்க மூடியின் மேல் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். எடைப் பட்டியல் உள்ளே. பறவையின் எடை முந்நூற்றைம்பது கிராம், அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். அதன்படி, ஒட்டுகிற டேப்பையும் சேர்த்து, எதுவும் பத்தரை கிராமைத் தாண்டவில்லை.

அலுவல் முடிந்தது. இனி வீட்டு விஷயம்.

இரண்டாவது சீசனுக்கும் தீவிலேயே இருப்பதாக நீங்கள் கையெழுத்துப் போட்டதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? வயர்லெஸ்காரர். காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னம்மா, சார் இந்த வருஷமும் அங்கதானாமே, உங்களுக்குக் கஷ்டமா இருக்காது?" என்றார். எனக்கு முன்பே தெரிந்த மாதிரி, "அவருக்குப் பறவைன்னா உயிர் சார்" என்று சிரித்துவைத்தேன். சிரித்த வாயோடு இருக்கைக்கு வந்து, சாலிடர் வைக்கிற சூட்டுக்கோலைத் தலைகீழாகப் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

நமக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது எவ்வளவு என்று உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு வருடமும் ஒன்பது நாளும். அந்த ஒன்பது நாளிலும் மூன்று நாள் உங்களுக்குக் காய்ச்சல்.

கிளை அலுவலகத்தில் கருவிப் பிரிவை நடத்த என்னைக் கேட்கிறார்கள். வேறு ஊர், தனி வீடு. மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பருவக்காற்றில் செப்டம்பர் வரை கடல் மூடுவதற்கு முன்னால் கடைசிப் படகு மே ஒன்பதாம் தேதி. அதில் நீங்கள் வந்தால் நான் போகவில்லை. வராவிட்டால் வீட்டைப் பூட்டி, சாவியைக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். செப்டம்பரில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பறவை எங்கே போகிறது என்று பார்க்க இத்தனை கருவி செய்கிறேனே, உங்கள் முதுகில் ஒன்றை ஒட்டி அனுப்பத் தோன்றவில்லை பாருங்கள்.

இப்படிக்கு,
கருவிப் பிரிவு, நான்காம் இருக்கை


பிப்ரவரி 28

பசைக்காரிக்கு,

நீ கோபத்தில் என்னை ஐயா ஆக்கினாலும் நான் உன்னை அம்மணி ஆக்கப் போவதில்லை. போன படகிலேயே பதில் போட்டிருக்கலாம். முகம் இல்லை, அதனால் போடவில்லை.

கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இதே இரண்டு வாக்கியம்தான் வருகிறது. தப்பு என்னுடையது. மே ஒன்பதாம் தேதிப் படகில் வந்துவிடுவேன். கலங்கரை விளக்கக்காரரிடம் சொல்லி, அந்தத் தேதியை அவர் வீட்டுச் சுவரில் கரியால் எழுதவும் செய்துவிட்டேன். தினமும் காலையில் அதைப் படித்துக்காட்டி, "சார், எண்ணிக்கிட்டே இருங்க, குறையவே குறையாது" என்கிறார். தீவில் எங்கள் இருவரைத் தவிர மனுஷர் இல்லாததால் அவருடைய நகைச்சுவைக்கு நான் ஒருவன்தான் ஆள்.

கருவிகள் எல்லாம் பத்திரமாக வந்தன. வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பாய். இந்தப் பறவைக்குக் கூடு கிடையாது. பாறைக்கு அடியில் நிழலாக ஒரு இடம், அதில் ஒரு குஞ்சு. அப்பாவோ அம்மாவோ ஒன்று குஞ்சோடு உட்கார்ந்திருக்கும், மற்றது கடலுக்குப் போய் இரை கொண்டுவரும். வந்ததும் முறை மாறும். வந்து இறங்குகிற பறவையை, அது குஞ்சிடம் போவதற்குள் நான் இரண்டு கையாலும் அள்ளிவிடுவேன். வெள்ளைவெளேரென்று இருக்கும், வாலில் இரண்டு நீள இறகு. அழகில் மயங்கினால் அலகால் விரலைக் கிழித்துவிடும். துணிப்பையில் போட்டு, தராசில் தொங்கவிட்டு, எடையை எழுதிக்கொண்டு, மடியில் வைத்து, தலையைத் துணியால் மூடி, முதுகு இறகுக்கு அடியில் மூன்று துண்டு டேப். பத்து நிமிடம். இருபத்துநான்குக்குக் கருவி, இன்னொரு இருபத்துநான்குக்குக் காலில் வளையம் மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கருவியால் ஏதாவது ஆகிறதா என்று தெரியும்.

நேற்று நடந்ததைக் கேள். தராசிலிருந்து இறக்கி மடியில் வைத்தேன், அவ்வளவுதான். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொண்டையில் வைத்திருந்த மூன்று முழு மீனையும் என் மேல் கக்கியது. நீ வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை. உதவிக்குப் பறவையைப் பிடித்திருந்த விளக்கக்காரர் அதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சட்டையை நான்கு முறை அலசிவிட்டேன், இன்னும் மீன் சந்தை மாதிரி மணக்கிறது.

இங்கே வயர்லெஸ் வானிலைக்கும் ஆபத்துக்கும் மட்டும்தான். இல்லாவிட்டால் உன் குரலைக் கேட்பதையே ஆபத்துக் கணக்கில் சேர்த்திருப்பேன்.

உன்,
தீவுக்காரன்


மார்ச் 10

தீவுக்காரருக்கு,

ஐயா பட்டம் ரத்து. கோபம் ரத்து இல்லை.

மீன் விஷயத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், மூக்கில் ஏறிவிட்டது. அந்தச் சட்டையை அங்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன்.

குழாய் இன்னும் சொட்டுகிறது. ஆள் வந்து பார்த்து, வாஷர் போட்டு, "இனி சொட்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மாடிப்படி இறங்குவதற்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் எரிச்சலாக இருந்த சத்தம் இப்போது பரவாயில்லை. வீட்டில் என்னைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் சத்தம் போடுகிறதே. காலையில் கை தானாக இரண்டு கப் எடுக்கிறது. ஒன்றைத் திருப்பி வைப்பேன். இன்று வைக்காமல் இரண்டிலும் காபி ஊற்றி இரண்டையும் நானே குடித்தேன், அதற்குப் பிறகு மத்தியானம் வரை படபடவென்று இருந்தது. நீங்கள் வேண்டும் என்று எழுத இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். கருவிகளில் எதிலாவது தண்ணீர் புகுந்ததா? போன வருடம் ஆறு கருவி நனைந்து, மாற்றி மாற்றி ஒட்டுவதற்காகவே நீங்கள் ஐந்து வாரம் கூடுதலாக இருந்தீர்கள். இந்த முறை அப்படி ஆகாது என்று நினைக்கிறேன். ஆனாலும் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றில்கூடத் தண்ணீர் புகவில்லைதானே?

பசைக்காரி


மார்ச் 28

பசைக்காரிக்கு,

ஒன்றில்கூடப் புகவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. உன் கைக்கு மோதிரம்தான் போட வேண்டும். ஏற்கெனவே போட்டவன் நான் என்பதால் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இங்கே ஒன்று சரியில்லை. வளையம் மட்டும் மாட்டிய பறவைகள் கடலுக்குப் போய் இரண்டு, மூன்று நாளில் இரையோடு வந்துவிடுகின்றன. கருவி சுமப்பவை ஐந்து நாள், ஆறு நாள் ஆக்குகின்றன. வரும்போது இளைத்துப்போய் வருகின்றன.

பதினேழாம் எண் கருவி சுமந்த பறவை பத்தாம் தேதி காலையில் போனது. துணை குஞ்சை இறக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தினமும் போய்ப் பார்த்தேன். அதற்கும் சாப்பாடு கிடையாது, எழுந்து போனால் குஞ்சுக்கு வெயில். எட்டாம் நாள் எழுந்து நின்றது, கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டது. ஒன்பதாம் நாள் மதியம் எழுந்து போய்விட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தே செத்துப்போ என்று யாரால் சொல்ல முடியும்?

குஞ்சுக்கு நான் எதுவும் செய்யக் கூடாது, அதுதான் விதி. குடையையாவது விரித்து வைக்கலாம் என்று எடுத்துப் போய், வைக்காமல் திரும்பி வந்தேன். மறுநாள் குஞ்சு இல்லை. இருந்தது, ஆனால் இல்லை. அதை எடுத்துப் புதைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் பதினேழு வந்தது. தொண்டை புடைக்க மீன். பாறைக்கு அடியில் போனது, வெளியே வந்தது, சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது. மண்ணை அலகால் கிளறியது. கடைசியில் குஞ்சு கிடந்த இடத்தில் மீன்களைக் கக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் அதை எடுத்து எடை போட வேண்டும், போடவில்லை. நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

இதே படகில் இயக்குநருக்கும் எழுதுகிறேன். கருவியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறேன். நீ உன் கையால் செய்ததைப் பற்றி இப்படி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

தீவுக்காரன்


ஏப்ரல் 8

தீவுக்காரருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இயக்குநர் உங்கள் கடிதத்தை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் படித்தார். படித்துவிட்டு, "எடையெல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. ஒரு பறவை லேட்டா வந்ததுக்காக ஒரு சீசனையே விட முடியாது. ஆறு மாசத்துல இறகு உதிர்க்கும், அதோட தானா விழுந்துடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எடை அளவுக்குள்தான் இருக்கிறது என்று அவர் சொன்ன இடத்தில் நான் மட்டும் தலையாட்டவில்லை.

கடைசியில் செய்ததை முதலில் சொல்கிறேன். நான் கருவிகளைப் பத்தரை கிராமுக்குள் முடித்து, நிறுத்து, பட்டியல் எழுதினேன். எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் புகாத பசையில் இன்னொரு பூச்சுப் பூசினேன். இந்த முறை தண்ணீர் புகக் கூடாது, நீங்கள் மாற்றி ஒட்டிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது, சீக்கிரம் வர வேண்டும். பூசும்போது என் மனதில் இருந்தது அது மட்டும்தான். அதற்குப் பிறகு தராசில் வைக்கவில்லை. மறந்துபோய் வைக்கவில்லை என்றால் பொய். வைத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சுரண்ட வேண்டியிருக்கும், அதனால் வைக்கவில்லை.

உங்களுக்கு அனுப்பாமல் என் மேஜையில் இருபத்தைந்தாவதாக ஒன்று இருந்தது. இன்று டேப்பையும் சேர்த்து நிறுத்தேன். பதினொன்றே கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

முக்கால் கிராம் தாண்டியதற்காக ஒரு பறவை நாள்கணக்கில் தாமதிக்குமா என்று யோசித்துக்கொண்டே உங்கள் பழைய கடிதங்களை எடுத்தேன். மீன் கடிதம். நான் வாய்விட்டுச் சிரித்துப் படித்துக்காட்டியது. அதில் நீங்கள் எழுதிய வரிசையை மட்டும் பாருங்கள். பறவை வந்து இறங்கியதும், குஞ்சிடம் போவதற்குள் பிடிக்கிறீர்கள். தராசில் தொங்கவிட்டு எடையை எழுதுகிறீர்கள். அதற்கு அப்புறம்தான் மீனைக் கக்குகிறது. அப்படியானால் அந்த முந்நூற்றைம்பதில் மீன் எவ்வளவு? காய்கறிப் பையோடு தராசில் ஏறி நின்றுவிட்டு, அதையே என் எடை என்று எழுதிக்கொண்ட மாதிரி இல்லையா? குஞ்சுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைத் தாயின் எடையில் சேர்த்து, அதற்கு அளவாக நான் சுமை செய்து கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் காலி வயிற்றோடு கடலுக்குத் திரும்பும்போதும் அந்தச் சுமை முதுகில்தானே இருக்கிறது.

வளையம் மட்டும் மாட்டிய சிலவற்றை வந்ததும் ஒருமுறை, குஞ்சுக்கு ஊட்டிய பிறகு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நான் நினைப்பது சரியென்றால், யார் என்ன சொன்னாலும், எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டேப்பைப் பிய்க்காதீர்கள், இறகோடு வரும். இத்துடன் என் கத்தரியை அனுப்புகிறேன். வளைந்த மூக்குடையது. பக்கவாட்டில் விட்டு நறுக்கினால் தோலில் படாது. என் வேலைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. பத்திரம்.

கேட்டால் வேண்டாம் என்பேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நிறுத்தால் தெரிந்துவிடும் என்று நான் நிறுக்கவில்லை. பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள்.

பசைக்காரி


ஏப்ரல் 25

உனக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது, இதிலும் கோபம் இருக்கும்.

பத்துப் பறவைகளை நீ சொன்னபடி நிறுத்தேன். ஐம்பது கிராம், நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து. மீன்தான். பறவையின் எடை முந்நூறு. அது ஒன்பது கிராம் சுமக்கலாம், நாம் பதினொன்றே கால் ஏற்றியிருக்கிறோம். ஏழு வருடம் படித்து, பதினொரு வருடம் வேலை பார்த்து, மீனையும் பறவையையும் பிரித்து நிறுக்கத் தெரியவில்லை எனக்கு. போன வருடமும் இப்படித்தான் நிறுத்தேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நீ? பூசியதை ஒரு வரி எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தால் இங்கேயே சுரண்டிவிட்டு ஒட்டியிருப்பேன். ஒரே கடிதத்தில் இரண்டு முறை "தண்ணீர் புகவில்லைதானே" என்று கேட்டாயே, அப்போதுகூடவா சொல்லத் தோன்றவில்லை? நான் சீக்கிரம் வர வேண்டும் என்று பூசினாய். இப்போது அந்தப் பூச்சைக் கழற்றத்தான் ஒவ்வொரு பாறையாக வெயிலில் காத்துக்கிடக்கிறேன். இதைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கக்காரர் கேட்டுவிட்டு, "சார், அவங்க பண்ணது தப்புதான். ஆனா என்னை யாரும் இப்படி வரச்சொல்லித் தப்புப் பண்ணதில்ல" என்று சொல்லிவிட்டு விளக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னால் பழைய வேகத்தில் கோபப்பட முடியவில்லை.

பதினான்கு கழற்றிவிட்டேன். கத்தரி தங்கம். கழற்றியதும் பறவை ஒரு நொடி அப்படியே நிற்கிறது, முதுகைக் குலுக்கிப் பார்க்கிறது, திரும்பக் குலுக்குகிறது. மீதி பத்து. அவை தங்கள் பாறைக்கு வந்தால்தான் பிடிக்க முடியும். குஞ்சை இழந்தவை எப்போதாவதுதான் வருகின்றன. பதினேழை இரண்டு முறை தூரத்தில் பார்த்தேன், நான் கிட்டே போவதற்குள் போய்விட்டது. மே ஒன்பதுக்குள் எல்லாம் முடியாது.

ஆனாலும் ஒன்பதாம் தேதி நான் வருகிறேன். சொன்ன சொல்லை உன்னிடம் எத்தனை முறைதான் மீறுவது? கழற்ற முடியாதவை தானாக விழுகிறபோது விழட்டும். நீ அந்த ஊருக்குப் போகாதே.

தீவுக்காரன்


மே 5

தீவுக்காரருக்கு,

வாருங்கள் என்று நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு தாளும் கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது. ஐந்தாவதாக இதை எழுதுகிறேன்.

வராதீர்கள்.

இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், பூச்சையும் பட்டியலையும். இருபத்தைந்தாவது கருவியை அவர் மேஜையில் தராசோடு வைத்தேன். கத்தினார். வெளியே தட்டச்சு நின்றுபோகிற அளவுக்குக் கத்தினார். "உங்களை நம்பித்தானே கிளையையே குடுக்கிறதா இருந்தோம்" என்றார். அதற்குப் பிறகு முந்நூறு கிராமையும் பதினொன்றே காலையும் தாளில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி உத்தரவு இத்துடன் வருகிறது. நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதை நான் சொல்லவில்லை.

தானாக விழும் என்று நீங்களும் எழுதாதீர்கள். ஆறு மாதம் என்றால் இன்னும் எத்தனை முறை கடலுக்குப் போய் வரும், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு நாளும் மேஜையில் அந்த ஒன்றைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். என் கைக்கு அது கனமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நான் பெருந்தன்மையாக எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவீர்களே, அந்தத் துண்டுகூட வேண்டும். ஆனால் நீங்கள் வந்து இந்த வீட்டில் உட்கார்ந்து, பாதிப் பேச்சில் ஜன்னலைப் பார்ப்பீர்கள். எதை நினைக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அதைவிட இன்னும் நான்கு மாதம் பிரிந்திருப்பது மேல்.

இயக்குநர் கத்தினாலும் கிளை வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, நானும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதையும் இதையும் முடிச்சுப் போடாமல், பதினேழு வரும் வரை இருங்கள்.

பசைக்காரி


மே 9

பசைக்காரிக்கு,

படித்துறையில் சிமெண்ட் மூட்டை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். படகுக்காரர் காற்று திரும்புகிறது என்று கத்திக்கொண்டிருக்கிறார். இன்று தங்க மாட்டாராம்.

மூட்டை முடிச்சைக் கட்டிவிட்டேன். சவரம் செய்துகொண்டேன். விளக்கக்காரர் சுவரில் இருந்த தேதியை அழித்துவிட்டுக் கை குலுக்கினார். பையைப் படகில் போட்டேன். ஒரு காலையும் வைத்தேன். அப்போதுதான் படகுக்காரர் தபாலைக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன்.

பை வருகிறது. நான் வரவில்லை.

இருபத்திரண்டு கழற்றியாகிவிட்டது. அவை இந்தக் கடிதத்தோடு உன் டிபன் கேரியரில் வருகின்றன. மிச்சம் ஒன்பதாம் எண்ணும் பதினேழும். கத்தரியை வைத்துக்கொள்கிறேன்.

நீ அந்த ஊருக்குப் போ. கோபத்தில் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். அங்கே உனக்கு நல்ல மேஜை கிடைக்கும், சொட்டாத குழாய் கிடைக்கும். ஒன்பது நாள் உட்கார்ந்திருந்ததை இங்கே பார்த்தவன் நான், இனி யாரையும் உட்கார்ந்திரு என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி முதல் படகு. வந்ததும் சாவியைக் கீழ்வீட்டில் வாங்கிக்கொண்டு, குளித்துவிட்டு, நீ இருக்கும் ஊர் எதுவோ அங்கே வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கடிதத்தை நீந்தித்தான் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

உன்


செப்டம்பர் 20

என் தீவுக்காரருக்கு,

நான்கு மாதமாக எழுதாத கடிதம் இது. போகாத தபாலுக்கு எழுதினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து எழுதவில்லை. இது இருபத்துமூன்றாம் தேதிப் படகில் போகும். திரும்பி வரும்போது அதே படகில் நீங்கள் வருகிறீர்கள். படகுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், படகு கிளம்பிய பிறகு உங்களிடம் கொடுக்கும்படி. போன முறை தபாலைப் படித்துவிட்டு இறங்கிவிட்டீர்களே, அந்த அனுபவம் போதும்.

மே மாதம் உங்கள் பை வந்தது. டெய்லரம்மாதான் முதலில் பார்த்தார். "ஆள் வரலையா? பை மட்டும் வந்திருக்கு?" என்றார். மாடிக்குத் தூக்கி வந்து திறந்தேன். எல்லாவற்றையும் துவைத்தேன், நீலச் சட்டையைத் தவிர. அது இன்னும் மீன் மணக்கிறது. ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். காலையில் பூனை ஒன்று ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. சிரிக்காதீர்கள்.

இருபத்திரண்டு கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் மேல்பூச்சையும் கத்தியால் சுரண்டினேன். கத்தரி இல்லாததால் கஷ்டப்பட்டேன். நான்கு நாள் ஆயிற்று. சுரண்டிய தூளை எல்லாம் சேர்த்து அளந்தேன். ஒரு கரண்டி வந்தது. உங்களை வரவழைக்க நான் செய்தது மொத்தமும் அந்த ஒரு கரண்டிதான். அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பட்டியல் எழுதுவதற்கு முன் அதைப் பார்ப்பேன். எங்கள் பிரிவில் இனி எதையும் இரண்டு பேர் நிறுக்க வேண்டும், கடைசிப் பூச்சுக்கு அப்புறம்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி சாலிடர் வைத்துக்கொண்டிருந்தேன். வயர்லெஸ்காரர் ஒரு துண்டுத் தாளோடு வந்து நின்றார். "என்னம்மா இது? வானிலை சொல்லி முடிச்சிட்டு, கடைசியில இதையும் சேர்த்து அனுப்பியிருக்கார். ஏதாவது ஆபத்தா? எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். வாங்கிப் பார்த்தேன். "ஒன்பது வரவில்லை. பதினேழு வந்தது. கத்தரி பத்திரம்."

எல்லோரும் பார்க்க அழுதேன். அவர் பயந்துபோய்க் காபி வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது என்ன ஆனது என்று உங்களிடம் கேட்க வேண்டும். உங்களுக்கும் தெரிந்திருக்காது. அது எங்கோ என் பூச்சைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது, அதற்கு என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. பதினேழு முதுகைக் குலுக்கியதா? எத்தனை தடவை? அதை நீங்கள் எழுத வேண்டாம், நேரில் செய்து காட்டுங்கள்.

எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. முழுதாக வைத்திருக்கிறேன், ஒரு பொட்டும் குறையவில்லை. வந்ததும் மூன்று நாள் சண்டை போடுவேன். இனி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும். நானும் எதைப் பூசினாலும் சொல்லிவிட்டுப் பூசுகிறேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. வேண்டுமென்றேதான் ஆளைக் கூப்பிடவில்லை. உங்களுக்கும் வீட்டில் ஒரு வேலை வேண்டாமா?

படகில் குளிராக இருந்தால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். படித்துறையில் இறங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள். டெய்லரம்மாவிடம் சாவி கேட்டு நிற்காதீர்கள், அவரிடம் சாவி இல்லை. மாடிக்கு வந்து கதவைத் தட்டுங்கள்.

பசைக்காரி